மலையகத்தில் ஓர் ஆய்வில்லம் வேண்டும்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் தங்குவதற்கு இடம் கிடைப்பது அரிது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கிரகரி வாவிக் கரையின் சனத்திரளும் ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து சேர்த்த பின்னரோ, திணைக்களங்களின் விடுமுறை விடுதிகளிலும் தோட்டங்களின் பழைய துரை பங்களாக்களிலும் அறைகள் ஆளின்றிக் கிடக்கின்றன. அதே மாதங்களில், அதே மலைச் சரிவுகளின் லயங்களில், முதுதத்துவமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிவுசெய்து, வேண்டிய தரவுகளையெல்லாம் திரட்டி முடித்தும், அவற்றை ஆய்வேடாக எழுதி நிறைவேற்ற இடமும் அவகாசமும் இன்றித் தவிக்கும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆளில்லாத அந்த அறைகளுள் சிலவற்றை இவர்களுக்குத் திறந்துவிடுவது அரசாங்கத்தின் கடமை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

ஆய்வேடு எழுதுவதென்பது படிப்பதைப் போன்றதன்று. படிப்பை பஸ்ஸிலே போகும்போதும் தொடரலாம், அடுப்படியில் நின்றுகொண்டும் தொடரலாம். நூறு சான்றுகளை மனத்தில் ஒருங்கே நிறுத்தி, ஓர் அத்தியாயத்தின் வாதத்தை முதலிலிருந்து இறுதிவரை அறுபடாமல் கொண்டுசெல்லும் பணியோ, இடையூறற்ற தொடர்ச்சியான நாட்களை வேண்டி நிற்கிறது. மலையகத்தில் இப்பணியில் இறங்கியிருப்போருள் பலர் பாடசாலை ஆசிரியர்கள். பகலெல்லாம் கற்பித்து, மாலையில் பிரத்தியேக வகுப்பும் நடத்தி வீடு திரும்பும் ஒருவருக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பிராவில், தொலைக்காட்சியும் தம்பி தங்கையரின் பாடமும் அடுத்த வீட்டுச் சச்சரவும் ஒருங்கே கேட்கும் சுவருக்கு இப்பால், எந்த அத்தியாயம் உருவாகும்? பெண்ணாயிருந்தாலோ தண்ணீர் பிடிப்பதும் சமைப்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்குமுன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க எந்த மகளுக்குத்தான் மனம் வரும்?

நமது தமிழாராய்ச்சியின் வரலாறே இதற்குச் சான்று. பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் இலண்டனிலும், கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அவர்களுடைய மேதைமையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், ஊரும் உறவும் அன்றாடக் கடமைகளும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்ட அந்த வருஷங்கள், ஒரே விஷயத்தில் சிந்தையை நிறுத்தி எழுத அவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதை மறுப்பார் இலர். இன்று பேராதனையில் பதிவுசெய்துகொண்டு பொகவந்தலாவையிலோ அக்கரப்பத்தனையிலோ வாழும் ஆய்வாளருக்கு அந்தத் தூரம் வாய்ப்பதில்லை. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாட்டிலே, தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கப் பொறுப்புக்கு வரலாயின. ஆகவே இன்று ஆய்வேடு எழுத முனைகிறவர் தம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் கண்ட முதல் தலைமுறையாகவே பெரும்பாலும் இருக்கிறார். நுவரெலியா மாவட்டத்துக்கென முழுமையான பல்கலைக்கழகம் ஒன்று இன்னும் அமையவில்லை. அது அமையும் வரை காத்திருக்கும்படி இவர்களிடம் சொல்வது நியாயமாகாது.

மலைவாசத் தலத்து மாளிகையைக் கல்விக்கு ஒப்படைப்பது புதுமையான யோசனையுமன்று. சிம்லாவிலே 1888இல் வைஸ்ராய்க்கென எழுப்பப்பட்ட மாளிகை, குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனின் முயற்சியால், 1965இல் உயராய்வு நிறுவனமாகத் திறந்து வைக்கப்பட்டு, இன்றளவும் அறிஞர்கள் தங்கி எழுதும் இடமாக விளங்குகிறது. ஸ்கொட்லாந்தில் ரோவேனா மறே என்னும் கல்வியாளர் வகுத்துப் பரப்பிய எழுத்து முகாம் முறை இன்னும் எளிமையானது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, இந்த அமர்வில் எதை எழுதப்போகிறோம் என்று ஒருவருக்கொருவர் முன்கூட்டியே கூறி, குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் நிறுத்தி, ஒன்றாக உணவருந்தி, மீண்டும் எழுத அமர்வதே அம்முறையின் சாரம். ஏகாந்தத்தில் சோர்ந்துபோகும் மனம், தன்னைப் போலவே எழுதுகிற மற்றொருவரின் அருகாமையில் ஊக்கம் பெறுகிறது. விரிவுரைகள் வேண்டாம்; மங்கள விளக்கேற்றலும் பிரமுகர் உரையும் வேண்டாம்; மேசை, விளக்கு, நேரந் தவறாத உணவு, அறையைச் சூடாக்கும் கணப்பு, இவை இருந்தால் போதும்.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டது நிர்வாகமேயன்றி நிலத்தின் உரிமையன்று. எனவே துரை பங்களாக்கள் பல இன்றும் நிற்பது பொதுமக்களின் நிலத்தில். கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே உல்லாச ஹோட்டலாக மாறியிருக்கிறது. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்களில் வெளிநாட்டுப் பிரயாணிகள் பெருந்தொகை செலுத்தித் தங்குகிறார்கள். அதனால் நாட்டுக்கு வருமானம் வருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. இத்தனை கட்டிடங்களுள் ஒன்றேனும், அவற்றைத் தம் உழைப்பால் தாங்கி நின்ற சனங்களின் பேரப்பிள்ளைகள் அமர்ந்து எழுதுவதற்கென ஒதுக்கப்படலாகாதா என்றே கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாகப் பின்வாசல் வழியே மாத்திரம் நுழைந்த ஒரு சமூகம், முன்வாசல் வழியே சென்று, செக்ரோல் புத்தகத்தில் வெறும் பெயராகவும் நாட்கணக்காகவும் பதியப்பட்ட தன் சரித்திரத்தைத் தானே எழுதுவதில் உள்ள நீதியை யார் மறுக்க இயலும்? சி. வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் பல்கலைக்கழகத்தின் அரவணைப்பின்றியே அச்சரித்திரத்துக்கு அடித்தளமிட்டவர்கள். அவர்களுக்குப் பின்வருவோரும் அவ்வாறே தனித்து நின்று உழலவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

நூலகம் பேராதனையில் இருக்க, ஆய்வாளரை மலையில் கொண்டுபோய் வைப்பானேன் என்பது ஓர் ஆட்சேபம். நாம் பேசுவது தேடலை முடித்து, குறிப்புகளோடு எழுத வருபவரைப் பற்றியது. ஏதேனும் ஒரு நூல் தேவைப்பட்டாலும் பேராதனை ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: இத்தகைய சலுகைகள் செல்வாக்குள்ளவர்களையே சென்றடையும் என்பது. அந்த அச்சம் நியாயமானது. ஆகையால், எழுதுவதற்குத் தனியறை இல்லாத வீட்டிலிருந்து வருபவருக்கும், சம்பள விடுமுறை பெற இயலாத ஆசிரியருக்கும், கைக்குழந்தையுள்ள தாய்க்கும் முதலிடம் என்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும். தாய்மாருடன் வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் நியமிக்க வேண்டும்; அந்த ஏற்பாடில்லாத ஆய்வில்லம் பெண்களுக்கு உதவாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பெருந்தோட்ட அமைச்சும் கலந்துபேசினால், வரும் ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையிலேயே இதைத் தொடங்கிவிடலாம். புதுக் கட்டிடம் எழுப்ப வேண்டியதில்லை; நுவரெலியாவில் ஒரு விடுதியும் ஹட்டன் பக்கத்தில் ஒரு பங்களாவும், இரண்டு வாரத்துக்கு ஒரு சமையற்காரரின் சம்பளமும், தங்குவோரின் பஸ் கட்டணமும் போதும். கல்வி அமைச்சு தன் பங்கிற்கு, ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் ஆசிரியர்களை அவ்விடுமுறையில் கருத்தரங்கு, பயிற்சி என்று அழைக்காதிருக்கும்படி வலயக் கல்விப் பணிமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். தெரிவானவர்களின் பட்டியலும், தெரிவுக்கான காரணமும் பகிரங்கமாக அறிவிக்கப்படட்டும்.