வந்தவர்களும் வராதவர்களும்

ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரில் இருப்பது அசிடிக் அமிலம். அதை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவினால், புற்றுநோயாக மாறக்கூடிய திசு ஒரே நிமிடத்தில் வெளுத்துக் காட்டிவிடும். நுண்ணோக்கியும் வேண்டாம், பரிசோதனைக்கூடமும் வேண்டாம். நல்ல விளக்கு ஒன்றும் பழகிய கண்ணும் போதும்.

அந்தக் கண் டாக்டருடையதாகத்தான் இருக்க வேண்டுமா? மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் இந்தக் கேள்வியோடு குடிசைப் பகுதிகளுக்குள் நுழைந்தது. பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி. அவர்கள் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 75,000 பெண்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான இன்னொரு பிரிவுக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும். 2013-ல் வெளியான முடிவு: பரிசோதனைப் பிரிவில் இந்த நோயால் ஏற்பட்ட மரணங்கள் 31 சதவீதம் குறைவு. (மற்றப் பிரிவைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்று பிறகு சர்ச்சை கிளம்பியது. கிளம்ப வேண்டிய சர்ச்சைதான்.)

பலரும் பேசியது அந்த 31-ஐப் பற்றி. கவனிக்க வேண்டிய கணக்கு வேறு. அழைக்கப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். கூச்சம், அறியாமை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அங்கே எடுபடவில்லை; வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்த முகம் கூப்பிட்டால் பெண்கள் வருகிறார்கள். ஆனால் சந்தேகத்துக்குரியவர்கள் என்று கண்டறியப்பட்டு, உறுதிப்படுத்திக்கொள்ள மேற்பரிசோதனைக்கு வரச் சொன்னபோது ஐந்தில் ஒருவர் வரவில்லை.

ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். கணவரிடமும் மாமியாரிடமும் காரணம் சொல்ல வேண்டும். உடம்பில் வலியே இல்லாதபோது என்ன காரணத்தைச் சொல்வது? இந்த நோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலியும் ரத்தப்போக்கும் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முப்பது முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வினிகர் பரிசோதனை என்று மத்திய அரசு 2016-ல் வழிமுறை வகுத்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் இதற்கான பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வருடந்தோறும் நோய்க்கு ஆளாகிறவர்களோ ஒரு லட்சத்துக்கு மேல்.

இப்போது எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துத் தரலாம், கூச்சத்துக்கு இடமில்லை. அதன் முடிவு வந்த பிறகும் அவள் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணத்தைக் குறைக்கவும் வழி உண்டு. புற்றுநோயாக மாறாத திசுவை, தகுதியானவர்களுக்கு, சிறு கருவியின் சூட்டால் சில நிமிடங்களில் அழித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை ஏற்றுக்கொண்டது. கருவி கைக்கடக்கமானது. பரிசோதித்த அதே அறையில், அதே நாளில், அவள் எழுந்து போவதற்கு முன்பே முடித்துவிடலாம்.