நேபோ மலையில் ஒரு வீராங்கனை



விளையாட்டைப் பற்றி இப்பகுதியில் எழுதலாமா என்று சிலர் ஐயுறலாம். புனித சின்னப்பருக்கு அந்த ஐயம் இருந்ததில்லை. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே அவர் பந்தயத் திடலைப் பற்றிப் பேசுகிறார். அந்நகருக்கு அருகில் ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் போட்டிகள் நடைபெற்றன. வென்றவனுக்கு இலைகளால் பின்னிய முடி சூட்டினர். ஓடுகிறவர் பலர், பரிசு பெறுபவர் ஒருவர் என்பதை அம்மக்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும் ஓடத் தகுதியிருந்தும் ஓடுகளத்தின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டவனைப் பற்றி அப்போஸ்தலர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அப்படி நிறுத்தப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறேன். கனடா நாட்டின் ஆஞ்சலா ஜேம்ஸ் என்பது அவர் பெயர்.

அவர் ஆடியது ஐஸ் ஹாக்கி. நம் ஊர்த் திடல்களில் ஆடும் ஹாக்கியை உறைந்த பனித்தளத்தின்மேல் ஆடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். காலணியின் அடியில் எஃகு அலகு. கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டு. கோல் காப்பவரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். கனடா நாட்டாருக்கு இது வெறும் விளையாட்டன்று. பனிக்காலத்தில் குளங்களும் வீட்டுக் கொல்லைகளும் உறைந்தவுடன் பிள்ளைகள் மட்டையோடு இறங்கிவிடுவார்கள். நெடுங்காலம் அந்தப் பிள்ளைகள் என்ற சொல்லுக்கு ஆண்பிள்ளைகள் என்பதே பொருளாக இருந்தது. 1956-ஆம் ஆண்டில் டொரன்டோ நகரில் ஆபி ஹோஃப்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு சிறுவர் அணியில் ஆடி வந்தாள். பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்த நாளில்தான் அவள் பெண் என்பது ஊருக்குத் தெரிந்தது. பின்னாளில் அவள் ஓட்டப் பந்தய வீராங்கனையாகி நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றாள் என்பது வேறு கதை.

அதே டொரன்டோவில் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஆஞ்சலா பிறந்தார். தாய் வெள்ளையர்; தந்தை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினத்தவர். ஃபிளமிங்டன் பார்க் என்ற பகுதியில், அரசின் உதவி பெற்ற குடியிருப்பில், தாய் ஒருவரே அவரை வளர்த்தார். ஐஸ் ஹாக்கி ஏழைகளின் ஆட்டமன்று. காலணி, தலைக்கவசம், உடற்காப்பு, ஆடுதள வாடகை என்று செலவு நீளும். துணையின்றிக் குடும்பம் நடத்தும் ஒரு தாய் அதற்கு எவ்வாறு வழி கண்டிருப்பார் என்பதை நம் பங்கிலுள்ள தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறுமி ஆஞ்சலா முதலில் சிறுவர்களோடு ஆடினாள். அவர்களை விஞ்சி ஆடினாள். பிறகு அங்கே பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். பெண்கள் ஆடும் குழுக்களைத் தேடி நகரின் வேறு பகுதிகளுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

செனகா கல்லூரியில் பயின்றபோது, ஒரு பருவத்தில் பதினான்கே ஆட்டங்களில் 50 கோல்கள் போட்டார். 1990-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒட்டாவா நகரில் மகளிருக்கான முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. எட்டு நாடுகள் பங்கு கொண்டன. கனடா அணியினருக்கு இளஞ்சிவப்பு நிறச் சட்டைகளை அணிவித்தார்கள். வேடிக்கை பார்க்கவாவது மக்கள் வரட்டும் என்ற எண்ணம் போலும்! பெண்கள் ஆடுவதைக் காண்பதற்கு இப்படியொரு சர்க்கரைப் பூச்சு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ மக்கள் வந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 9,000 பேர் திரண்டனர். அமெரிக்கா முதலில் இரண்டு கோல்கள் போட்டு முந்தியது. கனடா மீண்டெழுந்து ஐந்துக்கு இரண்டு என வென்றது. ஐந்து ஆட்டங்களில் ஆஞ்சலா போட்ட கோல்கள் பதினொன்று. அடுத்து 1992, 1994, 1997 ஆகிய ஆண்டுகளிலும் கனடாவே உலக வெற்றியைப் பெற்றது. நான்கு அணிகளிலும் அவர் இருந்தார்.

இதற்கிடையே 1992-ஆம் ஆண்டில் ஒரு நற்செய்தி வந்தது. மகளிர் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்ளப்படும் என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு அறிவித்தது. ஜப்பானின் நாகானோ நகரில் 1998 பிப்ரவரியில் முதல் முறையாக அது அரங்கேற இருந்தது. ஊதியமும் புகழுமின்றி ஆடிய ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது வாக்களிக்கப்பட்ட நாடு. 1997 ஏப்ரலில் உலகப் போட்டியில் தங்கம் வென்ற ஆஞ்சலாவின் பெயர், அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஒலிம்பிக் அணிப் பட்டியலில் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது நிறையச் சில நாட்களே இருந்தன. அவர் மேல்முறையீடு செய்தார். முடிவு மாறவில்லை. அணி அவரின்றியே ஜப்பானுக்குப் புறப்பட்டது.

இந்த இடத்தில் என் மனம் மோவாப் நாட்டு மலைகளுக்குச் செல்கிறது. நாற்பது ஆண்டுகள் மக்களைப் பாலைவனத்தில் நடத்திய மோயீசன், நேபோ மலையுச்சியில் நின்று யோர்தானுக்கு அப்பாலுள்ள நாட்டைக் கண்டார். அதில் காலடி வைக்கவில்லை. நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்து செல்லும் செய்தி ஒன்றும் உண்டு. மோயீசனும் முறையிட்டார். தம்மை அக்கரைக்குப் போகவிடுமாறு ஆண்டவரை மன்றாடினார். அம்மன்றாட்டு ஏற்கப்படவில்லை, இனி இதுபற்றிப் பேசவேண்டாம் என்ற விடையே கிடைத்தது. அத்தோடு, யோசுவாவைத் திடப்படுத்தும் வேலையும் அவருக்கே கொடுக்கப்பட்டது. தாம் போகாத நாட்டுக்குப் பிறரை ஆயத்தம் செய்யும் வேலை!

ஆனால் ஓர் எச்சரிக்கை. மோயீசனுக்குத் தீர்ப்புச் சொன்னவர் ஆண்டவர். ஆஞ்சலாவின் பெயரை விலக்கியவர்கள் மனிதர்கள். அணித் தேர்வாளர் ஒருவரின் முடிவை இறைவனின் தீர்ப்பென்று கொள்ள நான் ஒருபோதும் துணியமாட்டேன். இதைச் சொல்லக் காரணமுண்டு. தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் வீடுகளைச் சந்திக்கும்போது, பட்டியலில் பெயர் வராத பிள்ளை உள்ளறையில் முகம் கவிழ்ந்து கிடக்க, கூடத்திலிருந்து "எல்லாம் ஆண்டவர் சித்தம், சாமி" என்று பெற்றோர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அந்தப் பிள்ளையின் செவியில் அது எவ்வாறு ஒலிக்கும்? தன்னைத் தள்ளியவர் ஆண்டவரே என்றல்லவா! மனிதர் செய்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். வினவ வழியிருந்தால் வினவட்டும், விண்ணப்பம் எழுதட்டும். மோயீசனே கேட்டபோது, பதினேழு வயதுப் பிள்ளை கேட்கக் கூடாதா? "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டதே" என்ற பேச்சை மட்டும் அன்றிரவு உணவு வேளையில் எடுக்காதீர்கள்.

நாகானோவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1998 பிப்ரவரி 17-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா மூன்றுக்கு ஒன்று எனக் கனடாவை வென்றது. ஆஞ்சலா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கேள்வியில் சிலர் அடையும் உள்மகிழ்ச்சியும் நல்லதன்று.

அவர் மட்டையை வீசி எறிந்துவிடவில்லை. டொரன்டோவில் தம் குழுவோடு தொடர்ந்து ஆடினார். 1999-ஆம் ஆண்டு மூன்று நாடுகள் கோப்பைப் போட்டியில் கடைசி முறையாகக் கனடாவின் சட்டையை அணிந்தார். இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து, கோல் காப்பவரைத் தனியாக எதிர்கொண்டு அடிக்கும் வாய்ப்புகளால் வெற்றி முடிவானபோது, கனடாவுக்கு வெற்றி தந்த கோலை அடித்தவர் அவரே. எதிரணி அதே அமெரிக்காதான். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். தாம் படித்த செனகா கல்லூரியிலேயே விளையாட்டுப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்துகொண்டு, இளையோருக்குப் பயிற்சி அளித்தார். நடுவராகவும் ஆட்டங்களை நடத்தினார். தாம் ஆடாத ஒலிம்பிக்கில் ஆட விரும்பிய சிறுமியர் பலர் அன்று ஒன்டாரியோ மாநிலத்துப் பனித்தளங்களில் இருந்தனர்.

டொரன்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ்மண்டபம் மகளிருக்குத் தன் கதவைத் திறந்தது 2010-ஆம் ஆண்டில்தான். முதலில் நுழைந்த பெண்கள் இருவர்: அமெரிக்காவின் கேமி கிரனாடோ, கனடாவின் ஆஞ்சலா ஜேம்ஸ். கிரனாடோ நாகானோவில் தங்கம் வென்ற அணியின் தலைவி. ஒலிம்பிக் பனித்தளத்தை மிதித்திராத ஆஞ்சலா அவரோடு சரிசமமாக நின்றார். ஆட்டமே பிழைப்பாக மகளிர் ஊதியம் பெற்று ஆடும் புதிய தொழில்முறைக் கழகத்தின் முதல் ஆட்டம் 2024-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அதே டொரன்டோவில் நடைபெற்றது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, 2009-இல், ஃபிளமிங்டன் பார்க்கிலுள்ள பனித்தளக் கூடத்துக்கு நகர ஆட்சியினர் புதுப்பெயர் சூட்டினார்கள். கூடத்தின் முகப்பில் இன்று "ஆஞ்சலா ஜேம்ஸ் அரங்கம்" என்று எழுதியிருக்கிறது. அப்பகுதிச் சிறுவரும் சிறுமியரும் அதன் கீழ்தான் உள்ளே போகிறார்கள்.