தையல் போட்ட உடம்பைப் பட்டினி போடாதீர்கள்

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணின் தட்டைப் பாருங்கள். குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், மிஞ்சிப்போனால் பூண்டுக் குழம்பு. பருப்பு கிடையாது, சீழ் வைக்குமாம். முட்டை கிடையாது, தழும்பு தடிக்குமாம். கத்தரிக்காய் கரப்பான், எலுமிச்சை புளிப்பு, கொய்யா குளிர்ச்சி. தண்ணீர்கூட அளந்துதான்; நிறையக் குடித்தால் தையல் ஊறிப்போகுமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவித்த முட்டை பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடுகிறது. குடல்வால், கர்ப்பப்பை, குடலிறக்கம் என்று எந்த ஆபரேஷனுக்கும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் பிள்ளை பெற்றவள்மேல்தான் அது முழுக் கடுமையோடு இறங்குகிறது.

அக்கறையால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் இது தவறு; உடம்புக்குத் தீங்கு செய்யும் தவறு. காயம் நன்றாக ஆற வேண்டும் என்று எதையெல்லாம் விலக்குகிறோமோ, அதைக் கொண்டுதான் உடம்பு காயத்தை ஆற்றுகிறது.

வெட்டிய இடத்தைக் கொலாஜன் என்னும் புரத நார்தான் இணைக்கிறது. அதற்கு மூலப்பொருள் பருப்பு, முட்டை, மீன், பால் இவற்றிலிருந்து கிடைக்கும் புரதம். அந்த நார் முறுக்கேறி உறுதியாக நிற்க வைட்டமின் சி-யும் இரும்புச்சத்தும் வேண்டும். முதல் வாரக் கடைசியில் தையலிட்ட தோலுக்குப் பழைய வலுவில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு வரும். முழு வலு ஒருபோதும் திரும்பாது. நெசவு நடக்கிற அந்த மாதங்களில்தான் நம் வீடுகளில் நூலை நிறுத்துகிறோம்.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1939-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் காய், பழம் எதையும் தொடாமல், வைட்டமின் சி இல்லாத உணவிலேயே ஆறு மாதம் இருந்தார். மூன்றாம் மாதம் முதுகில் ஒரு வெட்டுப் போட்டுத் தைத்தார்கள், ஆறிவிட்டது. ஆறாம் மாதம் மறுபடி வெட்டினார்கள். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் மேல்தோல் மட்டும் மூடியிருந்தது, அடியில் எதுவும் கூடவில்லை. வைட்டமின் சி-யை ஊசியில் ஏற்றிய பிறகே அந்தப் புண் ஆறியது. அதற்கும் இருநூறு ஆண்டுகள் முன்பு, 1740-களில், ஆன்சன் என்ற தளபதியின் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, ஐம்பது ஆண்டுக்கு முன் போரில் காயம்பட்டு ஆறிப்போன ஒரு முதியவரின் தழும்புகள் மறுபடி பிளந்துகொண்டன. தழும்பு என்பது ஒருமுறை ஒட்டி முடிகிற சமாசாரம் இல்லை. ஆயுள் முழுக்க உடம்பு அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

நாற்பது நாள் ரசச் சோற்றில் யாருக்கும் ஸ்கர்வி வந்துவிடாது, உண்மைதான். ஆனால் நம் பெண்கள் சத்து நிரம்பிய உடம்போடு ஆபரேஷன் மேசைக்குப் போவதில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதே ஆய்வில், இங்கே நடக்கும் பிரசவங்களில் சுமார் 45 விழுக்காடு சிசேரியன். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள், ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் இழந்தவள், இரவும் பகலும் பால் கொடுக்கிறவள். அவளிடமிருந்துதான் முட்டையைப் பறிக்கிறோம்.

சீழுக்கு வருவோம். சீழ் கிருமியால் வருவது. அந்தக் கிருமி தோலிலிருந்தோ, கையிலிருந்தோ, கருவியிலிருந்தோ காயத்துக்குள் போகிறது. பருப்பிலிருந்து போக வழியே இல்லை. அதை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்களுக்கும் புரதம்தான் தீனி. பிறகு ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது? தையலில் சீழ் பெரும்பாலும் ஆபரேஷனுக்குச் சில நாள் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் அவள் எதையாவது சாப்பிட்டிருப்பாள். "முந்தாநாள் சாம்பார் ஊத்திக்கிட்டா" என்று யாராவது சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. சாம்பார் சாப்பிட்டுச் சீழ் வைக்காத நூறு பேரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கட்டுப்படாத சர்க்கரை, ரத்தசோகை, கை கழுவாமல் கட்டுப் பிரித்தது, ஆபரேஷன் அறையின் சுத்தக் குறைவு என்று உண்மையான காரணங்கள் எத்தனையோ இருக்க, "வாயைக் கட்டத் தெரியல" என்ற பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. விசாரிக்க வேண்டிய ஆஸ்பத்திரியை யாரும் விசாரிப்பதில்லை.

தழும்பு தடிப்பதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. தையலுக்கு வெளியேயும் பரவி வளரும் கீலாய்டு பரம்பரையாக வருவதுண்டு, கறுத்த தோலில் அதிகம். மார்பு, தோள், காதுமடல் அதற்குப் பிடித்த இடங்கள். தோல் இழுபடும் இடத்திலும் சீழ் பிடித்த இடத்திலும் தழும்பு தடிக்க வாய்ப்பு கூடுதல். தையல் நன்றாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல்லோ பட்டையோ சில மாதம் விடாமல் போடலாம், வெயில் படாமல் காக்கலாம். தடிக்கத் தொடங்கிவிட்டால் தோல் மருத்துவர் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். இத்தனை வழி இருந்தும், "அன்னிக்கு முட்டை தின்னேன்ல" என்று தங்களையே நொந்துகொண்டு பெண்கள் ஆண்டுக்கணக்கில் அரிப்போடு இருக்கிறார்கள்.

சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடு வேறு விஷயம். ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். மற்றவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் சாப்பாட்டைப் பற்றி இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: நார்மல் டயட். அதை வீட்டில் யார் படிக்கிறார்கள்? மருத்துவர்கள் அதைத் தமிழில் விரித்து எழுத வேண்டும்: தினமும் முட்டை, தினமும் பருப்பு, மீன், முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய், தாகம் தீரத் தண்ணீர். எழுதியதை, சமைக்கப்போகும் மாமியாரையோ அம்மாவையோ உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, என்ன சாப்பிட்டாள் என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள் என்பதையும் சேர்த்து.