பிள்ளையின் சிநேகிதன் யார்?



கொல்கத்தா மல்லிக் பஜாரை அடுத்த லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நம்மில் அநேகர் அவ்வழியே அன்றாடம் கடந்து செல்கிறோம். வாலிபப் பிள்ளையின் தோழர்களைக் குறித்துக் கலங்குகிற பெற்றோர் இவருடைய ஜீவியத்தைச் சற்றே நிதானித்துப் பார்ப்பது நல்லது.

1843 பெப்ரவரியில், 19 வயதில், வீட்டார் பேசிய திருமணத்துக்கு இணங்காத இவர் பழைய மிஷன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். விசுவாசம் எவ்வளவு, சீமைக்குப் போகும் ஆசை எவ்வளவு என்பதை உள்ளங்களை ஆராய்கிறவரே அறிவார். இந்து கல்லூரி நாட்களிலேயே தோழரோடு மதுபானமும் பழகியிருந்தது. வழக்கறிஞரான தந்தை சில ஆண்டுகள் பிஷப் கல்லூரிச் செலவைக் கொடுத்துவந்தார், பின்பு நிறுத்திவிட்டார். 1848-ல் மகன் சென்னைக்கு வந்து, அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியரானார். பணத்தை நிறுத்தினால் பிள்ளை திரும்பி வருவான் என்பது அக்காலத்துப் பெற்றோரின் எண்ணம் மட்டுமன்று.

தந்தையின் கை எட்டாத அவ்வாண்டுகளிலும் ஒருவருடைய கடிதங்கள் அவரை எட்டின. அவர் கல்லூரித் தோழர் கௌர்தாஸ் பசாக். சென்னையில் 1849-ல் வெளியான ஆங்கிலக் கவிதை நூலைப் படித்த பெத்தூன் துரை, தாய்மொழியில் எழுதுவதே நலம் என்று கூறிய ஆலோசனை இவர் மூலமாகவே மதுசூதனைச் சேர்ந்தது. 1855-ல் தகப்பன் மரித்த செய்தியைச் சொன்னதும் இவருடைய கடிதமே. மறு ஆண்டு மதுசூதன் கொல்கத்தா திரும்பினார். பின்னர் பெல்காச்சியா நாடக அரங்கத்தாரிடம் அவரை அறிமுகப்படுத்தியவரும் கௌர்தாஸே. அதிலிருந்தே வங்க நாடகங்களும், 1861-ன் பெருங்காவியமும் பிறந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. கௌர்தாஸ் கிறிஸ்தவர் அல்லர். சபைப் பிள்ளைகளோடு மாத்திரம் பழகினால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். அம்னோனுக்குத் துர்ஆலோசனை சொன்ன யோனதாப் அந்நியன் அல்ல, சொந்தப் பெரியப்பன் மகன் என்பதை 2 சாமுவேல் 13-ல் வாசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நல்ல சிநேகிதனால் எல்லாம் கூடிவிடுவதில்லை. பிரான்சில் கடனில் மூழ்கிய மதுசூதனுக்கு 1864 முதல் ஈசுவரசந்திர வித்யாசாகர் தாமே பிறரிடம் கடன்பட்டுப் பணம் அனுப்பினார். 1867-ல் பாரிஸ்டராகத் திரும்பியவர் தங்கியதோ ஆடம்பரமான ஸ்பென்சஸ் ஹோட்டலில்! குடியும் விடவில்லை, செலவும் குறையவில்லை. கடனை அடைக்கும் தோழர் கிடைத்தார். கடன்படும் பழக்கத்தை மாற்ற ஒருவராலும் ஆகவில்லை. மகனுடைய கிரெடிட் கார்டு கடனை மூன்றாம் முறை அடைக்கிற தகப்பன்மார் இதைக் கவனிக்கவும்.

துணைவியரைக் குறித்தும் உண்மையைச் சொல்லவேண்டும். சென்னையில் மணந்த ரெபேக்காவையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுவந்தார். பின்பு ஹென்ரியெட்டா அவரோடு வாழ்ந்து, வறுமையையும் பங்கிட்டுக்கொண்டார். “ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்” என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறதே, அப்படிப் பலிகொடுக்கப்படுகிறவள் வேறொருவர் வீட்டு மகள் அல்லவா? பிள்ளையின் குடியை மறைத்துப் பெண் கேட்பது பாவம் என்றே எழுதுகிறேன்.

1873-ல் உத்தர்பாரா நூலகக் கட்டடத்தில் நோயுற்றுக் கிடந்தவரைத் தேடிப்போனவரும் கௌர்தாஸே. தன்னை விட்டு, மதுசூதனைப் பார்க்கும்படி காய்ச்சலில் கிடந்த ஹென்ரியெட்டா வேண்டிக்கொண்டார். ஜூன் 26-ல் ஹென்ரியெட்டாவும், 29-ல் அவரும் மரித்தனர்.

சால்ட் லேக்கில் வேலைசெய்யும் உங்கள் மகனின், தனி அறையெடுத்துத் தங்கும் உங்கள் மகளின் நெருங்கிய தோழர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வேவு பார்க்க அல்ல. அவர்களையும் ஒரு ஞாயிறு மதிய உணவுக்கு அழையுங்கள். வங்காளிப் பிள்ளையானால் மீன் குழம்பு வையுங்கள்.