பத்து பேரில் ஒருவர் கட்டாயம் மக்கா?

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் நாம எல்லாரும் விசாரிப்பது மூன்றே விஷயம்தான்: சம்பளம் எவ்வளவு, எந்த ஊரு, கேப் வருமா. யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "வருஷக் கடைசியில் என்னை எப்படி மதிப்பிடுவீர்கள்?" ஒரு கம்பெனியில் மனிதர்கள் எப்படிப் பழகுவார்கள் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சாட்சிக்கு மைக்ரோசாஃப்டைக் கூப்பிடுகிறேன்.

நம்ம மேனேஜ்மென்ட் புத்தகத்தில் 'ஃபோர்ஸ்டு டிஸ்ட்ரிப்யூஷன்' என்று ஒரு தலைப்பு வரும். இத்தனை சதவீதம் பேர் பிரமாதம், இத்தனை பேர் சுமார், இத்தனை பேர் மோசம் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டு, அதற்குள் ஊழியர்களை அடைப்பது. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கை நடத்திய ஜாக் வெல்ச் இதைப் பிரபலமாக்கினார். அவர் கணக்கு 20-70-10. மேலே இருக்கும் 20 சதவீதத்துக்கு அள்ளிக் கொடு, கீழே இருக்கும் 10 சதவீதத்தை வெளியே அனுப்பு.

மைக்ரோசாஃப்டிலும் இதே மாதிரி 'ஸ்டாக் ராங்கிங்' பல வருஷம் இருந்தது. போனஸ், பங்கு, பதவி உயர்வு எல்லாம் அதைப் பொறுத்தது. 2012-ல் பத்திரிகையாளர் கர்ட் ஐகன்வால்ட் 'வேனிட்டி ஃபேர்' இதழில் அந்தக் கம்பெனியைப் பற்றி நீளமாக எழுதினார். அவர் பேசிய இந்நாள், முன்னாள் ஊழியர்கள் அத்தனை பேரும் கம்பெனிக்கு அதிக நாசம் செய்தது இந்த முறைதான் என்றார்களாம். கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் டீமில் சேரத் தயங்கினார்கள். சக ஊழியரிடம் முழுத் தகவலையும் சொல்லாமல் கொஞ்சம் மறைத்தார்கள். ராங்க் போடும் கூட்டத்தில் மற்ற மேனேஜர்களும் உட்காருவார்கள் என்பதால், அவர்களிடமும் நல்ல பெயர் வாங்க அலைந்தார்கள். இதற்கு நடுவில் வேலை எப்போது பார்ப்பது? :-)

இதில் கணக்கே தப்பு. புள்ளியியல் பேப்பரில் படித்த மணி வடிவ வளைவு, பெரிய கூட்டத்துக்குச் சரி. நாலு ரவுண்டு இன்டர்வியூ வைத்துப் பொறுக்கி எடுத்த பத்து பேருக்கு அது எப்படிப் பொருந்தும்? பத்து பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கடைசி. பத்து பேரும் தூங்கினாலும் ஒருவர் முதல்!

செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கிறோமே, ஏன்? நீ பாஸானால் நான் ஃபெயிலாக மாட்டேன். பாஸ் மார்க் எல்லாருக்கும் ஒன்றுதான். வகுப்பில் கடைசி 10 சதவீதம் கட்டாயம் ஃபெயில் என்று நாளைக்கே அறிவித்தால், அந்த நோட்ஸ் பீரோவுக்குள் போய்விடும். நாம் கெட்டவர்களாக மாறியதால் அல்ல, விதி மாறியதால்.

"அப்போ ஓபி அடிப்பவனை என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதுதான் அளவுகோல் என்று முதலிலேயே சொல்லுங்கள், எட்டாதவரிடம் பேசுங்கள், அப்புறமும் முடியாவிட்டால் அனுப்புங்கள். பக்கத்து சீட்டுக்காரர் அவரைவிட வேகம் என்பது மட்டும் காரணமாகக் கூடாது.

மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. சத்யா நாதெள்ளா வந்துதான் மாற்றினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பொறுப்பேற்றது 2014 பிப்ரவரியில். புதிய முறையில், மற்றவர்களின் வெற்றிக்கு நீ என்ன செய்தாய் என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்தது. கேள்வி மாறினால் நடத்தையும் மாறும்.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் மெட்டா, செயல்திறன் குறைந்தவர்கள் என்று சொல்லி சுமார் 5 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆட்குறைப்பு என்றால் வேலை மட்டும் போகும். இப்படி முத்திரை குத்தி அனுப்பினால், அடுத்த இன்டர்வியூவிலும் அது கூடவே வந்து உட்காரும். யார் மோசம் என்று பார்ப்பதற்கு முன்பே எத்தனை பேர் மோசம் என்று எழுதிவிடுவதற்குப் பெயர் மதிப்பீடு இல்லை, ஒதுக்கீடு.

ஆகவே மக்களே, இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் இல்லையா? கேப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இதைக் கேளுங்கள்.