கூட்டத்தை வெளியே அனுப்பும் விசுவாசம்

நோயுற்ற பிள்ளையைப் பார்க்க உறவும் அயலும் திரண்டு செல்வது எம்மக்களின் நல்ல பழக்கம். போகாமல் விட்டால் உறவு முறிந்துவிட்டதென்றே கொள்ளப்படும். ஆயினும் குருத்துக் கல மாற்றுச் சிகிச்சை பெற்று வந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அவ்விதம் செல்வது பெருந்தீங்கு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. அதோடு, அத்தகைய பெற்றோரின் விசுவாசத்தை அளந்து பார்க்கும் சில பேச்சுக்களையும் நாம் நிறுத்தியாக வேண்டும்.

வைத்தியசாலையில் 'ஸ்டெம் செல்' என்று சொல்லப்படும் குருத்துக் கலங்கள் என்புகளின் உள்ளே உள்ள மச்சையில் இருக்கின்றன. எமது குருதி முழுவதும் இவற்றிலிருந்தே உண்டாகிறது. தலசீமியா, சிலவகைக் குருதிப் புற்றுநோய் போன்றவற்றில் பிள்ளையின் பழைய மச்சையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் கலங்களைச் செலுத்துகிறார்கள். பிள்ளைக்கு இதில் சத்திரசிகிச்சை எதுவுமில்லை. குருதி ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் 1976 முதல் மலைக்கு அடியால் சுரங்கம் வழியே எமது உக்குவளைக்கு வருவதை எல்லோரும் அறிவோம். அச்சுரங்கத்தை வெட்டப் பலர் பாடுபட்டார்கள். இக்கலங்களுக்கோ யாரும் வழி வெட்டுவதில்லை. குருதியோடு ஓடி, தாமாகவே என்பைக் கண்டடைந்து தங்கிவிடுகின்றன. படைப்பின் இந்த ஒழுங்கைக் கேட்டபோது எமக்கு வியப்பாகவே இருந்தது.

நாற்று நட்டவர்களுக்கு அடுத்து நடப்பதை விளக்கத் தேவையில்லை. பிடுங்கி நட்ட நாற்று சில நாட்கள் வாடி நிற்கும். வேர் பிடித்ததா இல்லையா என்று வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புதிய கலங்கள் வேர் பிடிக்கப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். அதுவரை பிள்ளையின் உடலில் நோயை எதிர்க்கும் வெண்கலங்கள் இல்லையென்றே சொல்லலாம். வாயெல்லாம் புண்ணாகும், சோறு இறங்காது, தலைமயிர் கொட்டும். பிடித்த பின்னரும் புதிய கலங்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமென எண்ணித் தாக்கக்கூடும். அதைத் தடுக்கும் மருந்துகளைப் பல மாதங்கள் கொடுக்க வேண்டும். அம்மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை மேலும் தாழ்த்தும். முதல் நூறு நாட்கள் மிகுந்த கவனத்துக்குரியவை. பிறந்த குழந்தைக்குப் போல எல்லாத் தடுப்பூசிகளையும் பின்னர் மறுபடி போட வேண்டியும் வரும்.

இந்தியாவில் இச்சிகிச்சை 1983இல் மும்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. முன்னோடியான டாக்டர் டொனால் தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். தலசீமியாப் பிள்ளைக்கு இளவயதிலேயே, ஈரல் கெடுமுன், பொருந்திய சகோதரரின் மச்சையைக் கொண்டு செய்தால் பத்தில் எட்டுக்கு மேல் நலமாகின்றனர். மற்றவர்களை நாம் மறக்கலாகாது. இக்கட்டுரை அவர்களின் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

எம்மிடம் வரும் பெற்றோரின் முதற் கேள்வி, "சுவாமி, நாங்கள் செய்த பாவமா?" என்பதே. இல்லை. தலசீமியாவின் கதையை அறிந்தால் இக்கேள்வியே மாறிவிடும். இந்நோயின் ஒரு கூற்றை மட்டும் உடலில் தாங்கியவர்கள் சுகதேகிகள். கடும் மலேரியாவிலிருந்து அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. நூற்றாண்டுகளாக நுளம்பும் மலேரியாவும் மலிந்திருந்த நாடு இது. 1934-35 கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அத்தகைய காலங்களில் எம் முன்னோரில் சிலரைக் காத்த ஒன்றே, தாயும் தந்தையும் இருவருமே அக்கூற்றைத் தாங்கியவர்களாக இருக்கும்போது, நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோயாக வருகிறது. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நோய் போய்விட்டது, கவசம் மட்டும் குருதியில் மிஞ்சியிருக்கிறது. இதில் பாவம் எங்கே, சாபம் எங்கே? பிறவியிலே பார்வையற்றவனைக் குறித்துச் சீடர்கள் இதையே கேட்டபோது ஆண்டவர் மறுத்துவிட்டார். நாம் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? மணம் பேசுமுன் இருவரும் குருதிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. "குருத்துக் கலச் சிகிச்சையைத் திருச்சபை தடுக்கிறதாமே?" இதைச் சொல்பவர்கள் பாதியைக் கேட்டு முழுவதையும் பேசுகிறார்கள். மனிதக் கருவை அழித்துக் கலம் எடுப்பதையே திருச்சபை எதிர்க்கிறது. வளர்ந்தவரின் உடலிலிருந்தும், குழந்தை பிறக்கும்போது தொப்புட்கொடிக் குருதியிலிருந்தும் பெறுவதில் தவறில்லை என்று 2008இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு தெளிவாகவே கூறுகிறது. மச்சை கொடுப்பது அன்புச் செயல். கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு சின்ன அண்ணனோ தங்கையோதான். மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து எடுப்பார்கள், சில கிழமைகளில் அது மீண்டும் ஊறிவிடும். ஆனால் எல்லோரும் நோயுற்ற பிள்ளையையே பார்த்திருக்க, கொடுத்த பிள்ளை மூலையில் தனித்து நிற்பதை நாம் அடிக்கடி கவனிப்பதில்லை.

இனி விசுவாசத்துக்கு வருவோம். மாற்கு எழுதிய நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் யாயிரின் பன்னிரண்டு வயது மகள் எழுப்பப்பட்ட நிகழ்ச்சியை அறிவீர்கள். அற்புதத்தை மட்டும் நினைவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நாம் விட்டுவிடுகிறோம். முன்னே, அழுது ஆர்ப்பரித்த கூட்டத்தை ஆண்டவர் வெளியே அனுப்பினார். தாய், தகப்பன், மூன்று சீடர்கள், இவ்வளவு பேரையே உள்ளே விட்டார். பின்னே, இதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்றும், பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றும் சொன்னார். சிகிச்சை முடிந்து வீடு வந்த பிள்ளைக்கு வேண்டியதும் இம்மூன்றுமே.

ஆனால் நாம் செய்வது என்ன? ஜெபக்கூட்டம் என்று இருபது பேர் ஓர் அறைக்குள் நெருங்கி நின்று பாடுகிறோம். பூமாலை கொண்டு போகிறோம். பூவிலும் சாடிமண்ணிலும் இருக்கும் பூஞ்சணம் இப்பிள்ளைகளின் நுரையீரலைப் பிடித்துவிடும். கொதிக்க வைக்காத தீர்த்தத்தைக் குடிக்கக் கொடுக்கிறோம். இன்னும் நோய் தீருமுன்னரே மேடையில் ஏறிச் சாட்சி சொல்லும்படி பெற்றோரை வற்புறுத்துகிறோம். எல்லாவற்றிலும் கொடியது, நம்பிக்கை இருந்தால் மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்வது. அப்படிச் சொல்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வைத்தியரை மதிக்கும்படி சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் கற்பித்திருக்கிறது.

ஆறு மாதமாகத் திருப்பலிக்கு வராத தாயைப் பற்றிக் குறை பேசுவோர் உண்டு. அவள் வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறாள், சவர்க்காரமிட்டுக் கை கழுவுகிறாள், கொதித்தாறிய நீரையே கொடுக்கிறாள், பச்சைச் சம்பலையும் மல்லுங்கையும் விலக்கி நன்கு வெந்ததை ஊட்டுகிறாள், நள்ளிரவில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலென்றால் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்கு ஓடுகிறாள். தகப்பன் வயலிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றாமல் பிள்ளையைத் தூக்குவதில்லை. வைக்கோல் தூசும், எருவும், கோழிக்கூடும் பிள்ளைக்கு ஆகாதென்று அவனுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் நாம் ஜெபமென்றே கருதுகிறோம். சில இரவுகளில் அவர்களுக்குச் செபமாலை கூடச் சொல்ல வராது. கடவுள்மேல் கோபமும் வரும். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பனும் தன் அவநம்பிக்கையை மறைக்கவில்லை, ஆண்டவர் அவனைத் துரத்தவுமில்லை. பிள்ளை பிழைத்தால் பெற்றோரின் விசுவாசம் பெரிது, இறந்தால் சிறிது என்று எவர் சொன்னாலும் அது எமது மறையின் போதனையன்று.

இனி நாம் எல்லோரும் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். 1977இலும் 1983இலும் கலவரங்களில் துரத்தப்பட்டவர்கள், மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணி இழந்தவர்கள், 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளால் வீடு விட்டவர்கள் என இதை வாசிக்கும் பலருக்கும் பாடசாலை வகுப்பறையில் பத்துக் குடும்பங்களோடு படுப்பது எப்படியென்று தெரியும். பொதுக் கிணறும் பொது மலசலகூடமும் உள்ள அத்தகைய இடத்துக்கு இப்பிள்ளையைக் கொண்டுவர முடியாது. மீள்குடியேற்ற வீடுகள் வழங்கப்படும்போது இத்தகைய குடும்பத்துக்கு முதலிடம் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அதுவரை பங்கு மண்டபத்தோடு சேர்ந்த ஓர் அறையைத் தனி மலசலகூடத்தோடு ஒழுங்கு செய்து கொடுப்பது எமது கடமையென நினைக்கிறோம். குருமனை அறையானாலும் சரியே. இளைஞர்கள் குருதி கொடுக்கலாம். அயலவர்கள் அவர்களின் மிளகை ஆய்ந்து காயவைத்துக் கொடுக்கலாம். பார்க்க விரும்புபவர் முகக்கவசத்தோடு வாசலில் நின்று கையசைத்துவிட்டு வரட்டும். தடிமன் உள்ளவர் அதுவும் செய்ய வேண்டாம்.

கடைசியாக நேர்த்தியைப் பற்றி. பிள்ளை பிழைத்தால் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் கொண்டு வருவேன் என்றோ, மொட்டை அடிப்பேன் என்றோ பலர் நேர்ந்திருக்கிறார்கள். (மொட்டையைப் பொறுத்தவரை மருந்தே அதை நிறைவேற்றிவிட்டது.) மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு நேர்ந்த இந்து அயலவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. எதிர்ப்பு மருந்து குடிக்கும் பிள்ளையைத் திருவிழா நெரிசலுக்குக் கொண்டுபோக வேண்டாம். அன்னை கோபிக்க மாட்டார். திருச்சபைச் சட்டம் 1196இன்படி தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. சமமான அல்லது மேலான இன்னொரு நற்செயலாக அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாமென்று 1197 சொல்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வரத் தேவையில்லை. யாரிடமாவது சொல்லியனுப்புங்கள், நாமே வாசலுக்கு வருகிறோம்.