எரிப்பதும் உரிமையா?

பொருள் விலைப்படாவிட்டால் வணிகன் விலையைக் குறைப்பான். ஊரறிந்த சந்தை வழக்கு இதுவே. பிரித்தானிய ஆடம்பர வணிகத்திலோ வேறொரு வழக்கு வேரூன்றியிருந்தது. விலையைக் குறைப்பதினும் பொருளைக் கொளுத்துவதே மேல் என்பது அதன் நீதி!

இஃது அவதூறன்று, எரித்தவர்களே ஒப்புக்கொண்ட உண்மை. 1856இல் தோன்றிய பேர்பரி நிறுவனம், 2018 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் 2 கோடியே 86 இலட்சம் பவுண் பெறுமதியான பொருட்களை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையிலேயே வெளியிட்டது. எரித்தபோது எழுந்த வெப்பத்தைச் சக்தியாகப் பயன்படுத்தினோம் என்று சமாதானமும் கூறப்பட்டது. பட்டுச் சேலையை அடுப்பிலிட்டுச் சோறாக்கியவனைச் சிக்கனக்காரன் என்போமா?

ஏன் இந்த வழக்கம்? துணி பழுதா? தையல் பிழையா? இரண்டுமன்று. மலிவாக விற்றால் எளியவனும் அணிந்துவிடுவான். அவன் அணிந்தால் முத்திரையின் மவுசு குன்றிவிடும்! ஆகவே, இங்கே விலை பெறுவது பஞ்சுமன்று, உழைப்புமன்று. பிறரிடம் இல்லை என்னும் பெருமையே விலை பெறுகிறது. வியர்வை சிந்தி விளைவித்ததை நெருப்பிலிடும் அறத்தை எந்தக் கமக்காரன் ஒப்புவான்?

“கண்டனம் எழுந்ததும், 2018 செப்டெம்பரிலேயே அந்நிறுவனம் எரிப்பதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டதே, இன்னும் ஏன் வழக்கு?” என்று கேட்பாருளர். வாக்குறுதி வேறு, சட்டம் வேறு. வெட்கத்தால் பிறந்த வாக்குறுதி, வெட்கம் ஆறியதும் ஆறிவிடும். அன்றியும், ஒரு கம்பனியின் வாக்கு மற்றக் கம்பனிகளைக் கட்டுமா?

இதை உணர்ந்தே, 2019 பெப்ரவரியில் பொதுமக்கள் சபையின் சுற்றாடற் கணக்காய்வுக் குழு, மீண்டும் பயன்படத்தக்க விற்பனையாகாச் சரக்கை எரிப்பதையும் புதைப்பதையும் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டு யூனில் அரசாங்கம் அதனை நிராகரித்தது. பிரான்சோ 2020 பெப்ரவரியில் தடைச்சட்டம் இயற்றியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும், விற்பனையாகா உடைகளையும் பாதணிகளையும் பெருங் கம்பனிகள் அழிப்பதைத் தடுக்கும் விதியை இயற்றி, அதன் தொடக்க நாளாக 2026 யூலை 19ஐக் குறித்தது.

“என் பொருள், என் விருப்பம்” என்பதே எரிப்போரின் இறுதி அரண். அந்த அரணும் உறுதியானதன்று. தன் சொந்தச் சொத்தை அழிப்பவனாயினும், பிறர் உயிருக்கு ஆபத்து விளையுமென்று பாராது அழித்தால் அவன் குற்றவாளியே என்கிறது இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டுக் குற்றச் சேதச் சட்டம். சொத்துரிமைக்கு எல்லையுண்டு என்பதை அந்நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. அப்படியிருக்க, ஊரார் சுவாசிக்கும் காற்றிற் கலக்கும் புகைக்கு மட்டும் எல்லை வகுக்கலாகாதா?

முத்திரையின் மானங் காக்கத் தீ மூட்டியவர்கள், தொழிலாளியின் பிழைப்பைக் காக்க என்ன செய்தனர்? 2025 மே மாதத்தில் இதே நிறுவனம் உலகளாவிய முறையில் 1,700 வேலைகள் வரை குறைக்கப்படலாமென அறிவித்தது. மழையங்கி தைக்கும் யோர்க்சயரின் காசில்போர்ட் ஆலையில் இரவுமுறை வேலையை நிறுத்தும் திட்டமும் அதில் அடங்கியிருந்தது. நல்ல காலத்தில் எரிந்தது அவர்களின் உழைப்பு. கெட்ட காலத்தில் பறிபோவது அவர்களின் ஊதியம்!

வணிகரின் நாணத்தை நம்பியிருந்தது போதும். 2019இல் தள்ளிய பரிந்துரையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமாக்கவேண்டும். விற்க இயலாவிடின் விலையைக் குறை. அதுவும் இயலாவிடின் கொடு. எரிக்க மட்டும் உரிமையில்லை!